சாராளுக்கு நான் எடுத்துக் குடுத்த மிஷின்

அது தையல் மிஷின் நோட்டீசுதான? இங்க கொண்டா பாப்பம். இரு, பஸ்ஸு குலுக்கல்ல எழுத்து ஆடுது, கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிடுதேன். ஆங். என்ன இது, ஒரே மிஷின்ல முப்பத்திரண்டு வகைத் தையலா? பூ போடுமாம், கொடி போடுமாம், வாத்து போடுமாம். ஏம்மா, நீ வாத்தையா உடுத்தப் போற?

யாருக்கு மிஷின்? ஒனக்குத்தானா? இதுக்கு முன்னால மிதிச்சிருக்கியா? கெடையாதா. பட்டன் வைக்கத் தெரியும், அவ்வளவுதானா. சரி, சரி, அதுக்கென்ன. எந்த ஊரு நீ? பேச்சு இந்தப் பக்கம் மாதிரி இல்லையே. கடையநல்லூரா? சாத்தான்குளத்துல நாத்தனார் வீட்டுக்கு வந்துட்டுத் திருநெல்வேலி போயி மிஷின் பாக்கப் போறியா. இந்தப் பக்கம் குடிவார யோசனை ஒண்ணும் இல்லையே? இல்ல, சும்மா கேட்டேன். கடையநல்லூரு தூரந்தான். அப்பச் சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்க.

மொத மிஷினுக்கு நேர்த்தையல் ஒண்ணு வந்தாப் போதும். ஓடச் சொன்னா ஓடணும், நிக்கச் சொன்னா நிக்கணும். அது ஒன்னைய இழுத்துட்டு ஓடக்கூடாது. ஒன் வேகத்துக்கு அது வரணும். அதனால கால் மிஷின் வாங்கு. வெறும் கால் மிஷினு. மோட்டாரு வேணும்னா ஒரு வருசம் கழிச்சு மாட்டிக்கிடலாம். கடையில நூலக் கோத்து ரெடியா வச்சிருப்பான். அத அத்துவிட்டுட்டு நீயாக் கோத்துப் பாரு. அடிநூலு சுத்தியிருக்குத பாபினக் கழட்டி மாட்டிப் பாரு. ரெண்டு தடவைக்கு மேல திண்டாடுனா அந்த மிஷின் ஒனக்கு இல்ல. அப்புறம் துணியக் கையோட கொண்டுபோ. பழைய சேலத் துண்டு ஒண்ணு, ஜீன்சுத் துணி ஒண்ணு. கடைக்காரன் ஒரு வெறைப்பான துணி வச்சிருப்பான், அதுல எந்த மிஷினும் நல்லாத்தான் தைக்கும். கடைசியா, ஒங்க ஊரு மெக்கானிக்குக்கு அத ரிப்பேர் பாக்கத் தெரியுமான்னு கேட்டுக்க. தெரியாத மிஷின வாங்கினா அதுக்கு மேல பூச்சட்டிதான் வைக்கலாம்.

நான் சும்மா அள்ளிவிடுதேன்னு நெனைக்காத. ஞானியார்விளை தங்கபுஷ்பம்னு கேட்டுப் பாரு. இருவத்தாறு வருசமா மிஷின் மிதிக்கேன். கைராசிக்காரின்னு பேரு. சுத்துப்பட்டுல யாரு மிஷின் வாங்கப் போனாலும் என்னையக் கூட்டிட்டுப் போவாக. நான்தான் எடுத்துக் குடுக்கணும், நான்தான் மொத வரி ஓட்டிக் குடுக்கணும். அப்பிடி ஓட்டுன மிஷின் சும்மா கெடக்காது, சோறு போடும்னு ஒரு நம்பிக்கை. இதுவரைக்கும் பதினோரு மிஷின் எடுத்துக் குடுத்திருக்கேன். பத்துப் பேரு நல்லாத் தச்சுப் பொழைக்காக. எல்லாம் வெளியூரு. ஒருத்தி மும்பையில இருக்கா. பதினோராவதுதான் எங்க தெருக்காரி, பக்கத்து வீடு. சாராளு.

அவ எனக்குச் செஞ்ச காரியத்தக் கேட்டா ஒனக்கு வயிறு எரியும்.

நானும் அவளும் ஒரே வருசம் அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவக. நான் சித்திரையில வந்தேன், அவ ஆனியில வந்தா. ரெண்டு மாசம் முந்தி வந்ததுனால என்னைய "எக்கா"ம்பா. வயசுல அவதான் எனக்கு மூத்தவ, நான் அத எதுக்குச் சொல்லணும்? எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவருதான். இங்க தும்முனா அங்க கேக்கும். எம் மகன் பொறக்கைல பனிக்கொடம் ஒடைஞ்சு நான் அலறுன அலறல்ல செவருக்கு அந்தப் பக்கத்துலருந்து ஓடியாந்தவ அவ. எங்க வீட்டுக்காரரு தவறிப் போனப்ப நாப்பது நாளு என்கூடவே படுத்துக் கெடந்தவ. அப்பேர்ப்பட்டவதான் முதுகுல குத்துனா.

அவ வீட்டுக்காரரு தேங்கா லாரியில லோடு ஏத்தப் போவாரு. போன தை மாசம் லாரிலருந்து விழுந்து இடுப்பெலும்பு வெலகிட்டு. ஆளு கட்டில்ல. மக நர்சிங் படிக்கா. ஒருநாள் சாராளு வந்து, "எக்கா, எனக்கு ஒரு மிஷின் எடுத்துத் தாயேன். வீட்ல இருந்துக்கிட்டே எதாவது தைக்கேன். இவரையும் பாத்துக்கிடலாம்லா"ன்னா.

"அதுக்கென்ன, எடுத்தாப் போச்சு"ன்னேன்.

எங்க தெருவுல நாப்பது வீடு இருக்கு. நாப்பது வீட்டு ப்ளவுசும் எங்கிட்டத்தான் வருது. கிறிஸ்மசுக்கு ரெண்டு மாசம் முந்தியே துணியக் கொண்டாந்து போட்டுருவாக. இத எதுக்குச் சொல்லுதேன்னா, ஊரு எவ்வளவு பெருசுன்னு ஒனக்கு ஒரு அளவு தெரியணும்னுதான். வேற ஒண்ணுமில்ல.

ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்த வாரம் தூத்துக்குடிக்குப் போனோம். கடையில நொழஞ்ச ஒடனே அவ கை நேரா ஒரு கறுப்புக் கால் மிஷினுக்குப் போயிட்டு. வீட்டு மிஷினு, சின்னது. உக்காந்தா, கால வச்சா, மெதுவா மிதிச்சா, ஓடிட்டு. மொகமெல்லாம் பல்லு. "எக்கா, பாத்தியா, நான் சொன்னதக் கேக்கு"ன்னா. கடையில எல்லாரும் திரும்பிப் பாக்காக.

நான் சொன்னேன், "ஏட்டி, இது பொம்ம. பிள்ளைய வெளையாடுதது. வாங்குததுதான் வாங்குத, ஒரே தடவையா பெருசா வாங்கு." பவர் மிஷினுகிட்டக் கூட்டிட்டுப் போனேன். பாத்திருப்ப, பனியன் கம்பெனியில வரிசையாப் போட்டிருப்பான்லா, அது. அடியில மோட்டாரு. கால வச்சாத்தான் தெரியும், விர்ருன்னு பறக்கும். நான் உக்காந்து ஒரு வரி ஓட்டினேன் பாரு, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஒரு கெஜம். எனக்கே உச்சி குளுந்துட்டு. அந்த மிஷின் மேல எனக்கே ஆசதான், சொல்லப்போனா.

"இது எனக்கு ஓடுமாக்கா?"ன்னா.

"நான் மொத வரி ஓட்டிட்டேன்லா, ஓடாம எங்க போவுது"ன்னேன்.

நல்லதுல நல்லத எடுத்துக் குடுத்தேன். நீயே சொல்லு, மட்டமானத எடுத்துக் குடுத்தேன்னு எவளாவது சொல்ல முடியுமா?

வீட்ல கொண்டாந்து எறக்கியாச்சு. முன்ரூமுல பாதிய அடச்சுக்கிட்டு. மொத நாளு உக்காந்து, கால இப்பிடி லேசாத் தொட்டா. துணி அந்தப் பக்கம் போயிக் கெடக்கு, இவ இந்தப் பக்கம் எந்திரிச்சு நிக்கா. நான் சிரிச்சேன், அவ வீட்டுக்காரரு கட்டில்ல கெடந்துக்கிட்டே சிரிச்சாரு, அவளும் சிரிச்சா. நாலாவது நாளு சிரிப்பு இல்ல. ஊசி வெரலுக்குள்ள எறங்கிட்டு. ஆள்காட்டி வெரலு, நகத்துக்கு நடுவுல. அலறல் செவருக்கு இந்தப் பக்கம் கேட்டு ஓடிப் போனேன். யாரு ஊசியத் திருப்பி வெளிய எடுத்தா? நான். யாரு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி டி.டி. ஊசி போட்டுக் கொண்டாந்தா? நான். பஸ்ல எந்தோள்ல சாஞ்சுக்கிட்டே வந்தா. "எக்கா, எனக்கு இது வராது போலருக்கே"ன்னு அழுதா.

"வரும்டி, மெதுவா வரும். வயசாயிட்டுல்லா. எல்லாருக்கும் ஒடனே வந்துருமா"ன்னேன். எவ்வளவு ஆறுதலாச் சொல்லிருக்கேன் பாரு.

அதுக்குப் பெறகு அவ தெனமும் நாலு மணிக்கு எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சா. கையில எதாவது ஒரு துண்டுத்துணி. கோணமாணலாத் தச்சுக் கொண்டாருவா. "எக்கா, இது ஏன் இப்பிடிச் சுருங்குது? இது ஏன் நூலு அறுந்து போவுது?" நான் அதப் பிரிச்சு, திருப்பித் தச்சுக் காட்டுவேன். நூல இப்பிடி இழுக்கணும், துணியத் தள்ளக்கூடாது, அதுவாப் போகும், கை சும்மா கூடப் போகணும். எத்தன தடவ! ஒரே கேள்விய நேத்தும் கேட்டிருப்பா, இன்னைக்கும் கேப்பா. நான் சலிச்சதே கெடையாது. கருப்பட்டிக் காப்பி போட்டு வச்சிருவேன், ரெண்டு டம்ளரு. முறுக்கு, சீடைன்னு எதாவது கெடக்கும். எம் மகன் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கான், வருசத்துக்கு ஒரு தடவ வருவான். பகல் பூராவும் நானும் மிஷினுந்தான். நாலு மணிக்கு இவ செருப்புச் சத்தம் கேட்டா நான் காலத் தூக்கிருவேன், அன்னைக்கு மிதிச்சது போதும்னு. ஆறு மணி வரைக்கும் பேச்சுதான்.

பொய் சொல்லல, அந்த மூணு மாசம் நான் ரொம்ப நல்லா இருந்தேன்மா. சாப்பாடுகூட ருசிச்சுது. அப்பதான் அந்தச் சதி நடந்திருக்கு.

எங்க சபையில செப்டம்பர்ல ஸ்தோத்திரப் பண்டிகை வரும். ஒனக்குத் தெரியுமோ தெரியாதோ, அன்னைக்கு அவுகவுக மொத வெளைச்சலக் கோயிலுக்குப் படைப்பாக. வாழத்தாரு, மொத காய்ப்புத் தேங்கா, கோழி, சில பேரு பால் கறந்து செம்புல கொண்டாருவாக. எல்லாத்தையும் முன்னால பரப்பி வச்சு, ஆராதனை முடிஞ்சதும், பாஸ்டருக்கு ஒத்தாசையா இருக்குத உபதேசியாரு ஏலம் போடுவாரு. முதற்பலன்னு அதுக்குப் பேரு. கைத்தொழில் ஆரம்பிச்சவகளும் மொதப் பொருளக் குடுப்பாக. தையலும் அதுல சேத்திதான். நான் இருவத்தாறு வருசத்துக்கு முந்தி ஒரு தலையண உறை குடுத்தேன். அதக் குடுக்கைல சாட்சியும் சொல்லணும். மைக்க வாங்கி, இது எப்பிடி வந்துது, யாரு ஒத்தாச செஞ்சா, எல்லாம் சொல்லி நன்றி சொல்லணும்.

இந்த வருசப் பண்டிகையில பாஸ்டரையா பேரு வாசிக்காரு. "சாராள் அம்மா, குழந்தைகள் கவுன்"ங்காரு.

கவுனா? இவளா? நேத்துச் சாயந்தரம் நாலு மணிக்கு நேர்த்தையல் கோணிட்டுன்னு எங்கிட்டக் கொண்டாந்தாளே?

அவ மைக்க வாங்கிட்டா. எல்லாரும் பாக்காக. "எங்க வீட்ல இவரு விழுந்ததுக்குப் பெறகு எனக்கு எந்த வழியும் தெரியல. எங்க பக்கத்து வீட்டு புஷ்பத்தக்காதான் கடைக்கு வந்து மிஷின் எடுத்துக் குடுத்தாக. தெனமும் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாக. அந்த மிஷின்ல தச்ச மொதக் கவுனு இது. அவுகளுக்கும் கர்த்தருக்கும் நன்றி"ன்னா. சபையே என்னையத் திரும்பிப் பாக்கு. எனக்குப் பின்னால இருந்த செல்லக்கனி எந்தோளத் தட்டுதா, "நல்லா இருப்பக்கா"ன்னு.

ஏலம் ஏறுது. கவுன எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாக்காக. கை மாறிக் கை மாறி எங்கிட்ட வருது. ரோஸ் கலரு, கழுத்துல ஃபிரில்லு, இடுப்புல சுருக்கு. முன்பக்கம் பாத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தையக்காரி முன்பக்கத்தப் பாக்க மாட்டா. திருப்பி உள்பக்கம் பாத்தேன். பவர் மிஷின்ல தையல் முடியுத எடத்துல ஒரு கைப்பிடி இருக்கும், அத அமுக்கினா மிஷின் பின்னால ஒரு எட்டு வந்து தானாப் பூட்டிக்கிடும். நான் அவளுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்தது அது. இந்தக் கவுன்ல ஒவ்வொரு தையலு முடிவுலயும் நூல இழுத்துக் கையால ரெண்டு முடிச்சுப் போட்டிருக்கு. சின்ன முடிச்சு, அழகா. அந்த மாதிரி கைப்பிடி இல்லாத பழைய கால் மிஷின்ல தைக்கவதான் அப்பிடிப் போடுவா.

பெறகு தையலப் பாத்தேன். ஒரு எடத்துல கோணல் கெடையாது. ஒரு எடத்துலகூட. மூணு மாசமாவது தெனமும் உக்காந்து தச்ச கையி அது.

நான் எந்திரிச்சுட்டேன். என்ன பேசணும்னு யோசிக்கவே இல்ல. "இது நான் வாங்கிக் குடுத்த மிஷின்ல தச்சது கெடையாது. இவ சபை முன்னால பொய் சொல்லுதா. இது முதற்பலனும் கெடையாது, இவ கள்ளி"ன்னேன். மைக்கு இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஏலம் அப்பிடியே நின்னுட்டு. உபதேசியாரு வாயத் தொறந்தவரு மூடல. யாரும் வெல கேக்கல. சாராளு எறங்கி வந்து எங்கையில இருந்த கவுன வாங்கினா. உள்பக்கம் வெளிய கெடந்தத சரியாத் திருப்பினா, மடிச்சா, கொண்டுபோயி வாழத்தாருக்குப் பக்கத்துல வச்சா. ஒரு வார்த்த பேசல. அவ பேசாததப் பாத்தியா? தப்பு இருக்குன்னுதான அர்த்தம்?

நான் கோயில விட்டு நேரா அவ வீட்டுக்குத்தான் போனேன். கதவு தொறந்து கெடந்துது, அவரு கட்டில்ல கெடந்தாரு. முன்ரூமுல அந்தப் பவர் மிஷினு பெட்ஷீட்டு மூடிக் கெடக்கு. நான் வரப் போகைல எல்லாம் பாத்ததுதான். புழுதி விழாம நல்லா வச்சிருக்கான்னு நெனச்சிருக்கேன். பெட்ஷீட்ட உருவினேன். மேசை இருக்கு. மேசைக்கு மேல மிஷினக் காணும். ரெண்டு பிஸ்கட் டின்ன அடுக்கி வச்சு அதுக்கு மேலயாக்கும் பெட்ஷீட்டு! பின்ரூமுல போயிப் பாத்தா, ஜன்னலுக்குக் கீழ ஒரு பழைய கறுப்புக் கால் மிஷின். பக்கத்துல எட்டுப் பத்து கவுனு, அளவு அளவா மடிச்சு வச்சிருக்கு.

"எப்பதிலருந்து?"ன்னு அவரக் கேட்டேன். "வெரல்ல குத்துன மறுவாரத்துலருந்து"ன்னாரு. பாவம், அவருக்குப் பொய் வராது.

அப்பம் இந்தச் செவரு? செவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதான்னு கேக்கியா? நானும் அதத்தான் கேட்டேன். நான் மிதிக்கும்போதுதான் அவளும் மிதிச்சிருக்கா! என் மிஷின் சத்தத்துல அவ மிஷின் சத்தம் அமுங்கிப் போவும்லா. மோட்டாரு சத்தம் கேக்காததுக்கு, நான் மிதிக்கைல தச்சிருப்பான்னுதான் நானும் இருந்தேன். நான் நிறுத்துனா அவளும் நிறுத்திருவாளாம். நான் தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட. மூணு மாசமா ரெண்டு பேரும் சேந்து மிதிச்சிருக்கோம், எனக்குத் தெரியாது. எவ்வளவு காரியக்காரி பாத்தியா? பெறகு நாலு மணிக்கு வேணும்னே கோணலா ஒரு துணியத் தச்சு எடுத்துக்கிட்டு எங்கிட்ட வருவா. நல்லாத் தைக்கத் தெரிஞ்சவ கோணலாத் தைக்கது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் பெறகு செஞ்சு பாத்தேன், எனக்கு வரல.

எங்க பக்கத்துக்கெல்லாம் சுடலைமுத்துன்னு ஒரு மெக்கானிக் வருவான், மொபெட்டுல. அவனப் புடிச்சு ஒலுக்கினேன். அவன்தான் மேசைய மட்டும் விட்டுட்டுப் பவர் மிஷினோட தலையக் கழட்டி எடுத்துட்டுப் போயி, பதிலுக்கு அந்தப் பழைய கால் மிஷினக் கொண்டாந்து குடுத்திருக்கான். "அக்கா, எம்மேல கோவப்படாத. அந்தம்மா வெரலப் பாத்துட்டு நாந்தான் சொன்னேன், கத்துக்கிடப் போறவகளுக்கு இத எவன் வாங்கிக் குடுத்தான்னு. கடைக்காரன் தள்ளிவிட்டுட்டான்னுச்சு. ஒன் பேர எடுக்கவே இல்ல"ங்கான். பாரேன், என் பேரக்கூட எடுக்கல. நான் இல்லாதது மாதிரி.

மறுநாளு சாயந்தரம் அவ வந்தா. வழக்கமா வார நேரந்தான். உள்ள வரல, வாசல்ல நின்னா. காப்பி போட்டிருந்தேன். எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரியல, கைப்பழக்கம்.

"எக்கா, கடையில வச்சே எனக்குத் தெரியும்"ன்னா.

"என்னது தெரியும்?"

"நீ அதுல ஓட்டிப் பாக்கைல அந்தக் கடைக்காரத் தம்பி எங்கிட்ட வந்து, அம்மா இது புதுசாக் கத்துக்கிடறவங்களுக்கு ஆகாது, பயந்துருவீங்க, அந்தக் கால் மிஷினயே எடுங்கன்னு மெதுவாச் சொன்னான். நான் ஒன் மூஞ்சியப் பாத்தேன். நீ எம்பக்கம் திரும்பவே இல்ல. அப்பமே எனக்குப் புரிஞ்சுட்டு."

"புரிஞ்சவ எதுக்குட்டி வாங்குன?"

"நான் வேண்டாம்னு சொன்னா, நீ எதுக்கு அத எடுத்துக் குடுக்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ஒனக்கும் தெரிஞ்சுரும்லா? பெறகு நாம ரெண்டு பேரும் எப்பிடி மூஞ்சி பாத்துப் பேச?" நிதானமாச் சொல்லுதா. சண்ட போடுதவ மாதிரியே இல்ல. "ஒம் பொழப்புல நான் கை வைக்கலக்கா. நம்ம தெருவுல ஒருத்திக்கு ஒரு ப்ளவுசு தச்சிருக்கனா, கேட்டுப் பாரு. சின்னப் பிள்ளைய கவுனாத் தச்சுத் தூத்துக்குடிக் கடைக்குக் குடுக்கேன். நேத்துக் கோயில்ல சொன்னது பொய்தான். அது ஒனக்காகச் சொன்ன பொய்யி."

நான் ஒரு டம்ளர வாசப்படியில கொண்டாந்து வச்சேன். அவ அத எடுக்கல.

"எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா சபை முன்னால வச்சுக் கள்ளின்னுட்டல்லாக்கா. எம் மக அங்கன இருந்தா. இனி நான் வரல"ன்னா. போயிட்டா.

ஆறு வாரமாச்சு. இப்பம் அவ எப்ப வேணும்னாலும் மிதிக்கா. நான் நிறுத்துனாலும் நிறுத்துதது இல்ல. செவருல காத வைக்கவே வேண்டாம், அப்பிடிக் கேக்கு. தெருவுல எல்லாரும் எங்கிட்ட வந்து நியாயம் பேசுதாக, "நீ ஒரு எட்டு போயிப் பேசுனா என்னக்கா"ன்னு. நான் எதுக்குப் போகணும்? ஏமாத்துனது அவ. மூணு மாசம் என் காதுல பூச்சுத்துனது அவ. ஏமாந்தவளா போயிப் பேசணும்?

என்னம்மா அப்பிடிப் பாக்க?

நீ கேக்க வந்தது எனக்குத் தெரியுது. தெரிஞ்சுதான் அந்த மிஷின எடுத்துக் குடுத்தியான்னு கேக்க. ஏம்மா, இருவத்தாறு வருசம் மிதிச்சவளுக்கு எந்த மிஷினு யாருக்கு ஆகும்னு தெரியாதா? ஒனக்குச் சொன்னேன்லா இப்பம், வரிசையா. தெரியும். நல்லாத் தெரியும். அவ அந்தக் கால் மிஷின்ல உக்காந்து சிரிச்சாளே, அந்தச் சிரிப்பப் பாத்துட்டுத்தான் அவள அங்கருந்து எழுப்புனேன். நாப்பது வீட்டுல இருவது வீடு அவகிட்டப் போயிட்டா நான் என்ன செய்ய? அதக்கூட விடு. அவளுக்கு ஒரு மிஷினு ஓடிட்டா, பெறகு எங்கிட்ட எதுக்கு வரப்போறா? அந்த ஒரு நிமிசம் எனக்குப் புத்தி அப்பிடிப் போயிட்டு.

ஆனா அது எம் மனசுக்குள்ள இருந்த காரியம்மா. யாருக்கும் தெரியாதுன்னு இருந்தேன். நானே அத மறந்துட்டேன், சத்தியமா. மறந்துட்டுத்தான் காப்பி போட்டேன், மறந்துட்டுத்தான் அவ கையப் புடிச்சு சொல்லிக் குடுத்தேன். அவ மறக்கல. எனக்கு எதுத்தாப்புல உக்காந்து, முறுக்கக் கடிச்சுக்கிட்டு, "எக்கா, இது எப்பிடிக்கா"ன்னு கேக்கைல எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பெரிய வாத்தியாரம்மா மாதிரி வெளக்கிக்கிட்டு இருந்திருக்கேன், அவ பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

"ஏ பாவி, ஏட்டி இப்பிடிச் செஞ்ச"ன்னு கடையில வச்சே வஞ்சிருக்கலாம்லா? ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கிட்டு மூணாம் நாளு பேசிருப்போம். எத்தன சண்ட போட்டிருக்கோம். வையல. ஒரு வார்த்த வையல. மூணு மாசமா, தெனமும் நாலு மணிக்கு வந்து, என்னைய மன்னிச்சுக்கிட்டே இருந்திருக்காம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம.